நீத்துப்பெட்டியும் சீனத்து மூங்கில் தட்டும்

ஒஸ்லோவில் எங்கட சனத்தின் குசினிகளுக்குள் போய்ப் பார்த்தால் புட்டு அவிக்க மூன்று விதமான சாமான் இருக்கும். ஒன்று, ஊருக்குப் போய் வந்தவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த அலுமினியப் புட்டுக்குழல். இரண்டாவது, அடுக்கடுக்காக ஓட்டை போட்ட எவர்சில்வர் ஸ்டீமர். மூன்றாவது, கிறோன்லாண்ட் பக்கத்து ஆசியக் கடைகளில் வாங்கின வட்டமான மூங்கில் தட்டு. சீனச் சாப்பாட்டுக் கடைகளில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பார்களே, அந்தத் தட்டுத்தான். அம்மருட்டில் எங்கட மாடியிலேயே இரண்டு தமிழ் வீட்டில் அது இருக்கிறது. ஒரு வீட்டில் இடியப்பத்துக்கு, மற்ற வீட்டில் புட்டுக்கு.

நாலாவதாக ஒன்று இருக்கவேணும். அதை இங்கே நான் ஒரேயொரு வீட்டில்தான் கண்டேன். அதுவும் வரவேற்பறைச் சுவரில், ஆணியில் தொங்கியது. நீத்துப்பெட்டி. சிலர் நீற்றுப்பெட்டி என்றும் எழுதுவார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதையும் வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுகிறேன். நீத்துப்பெட்டி என்பது பனையோலையில் இழைத்த ஒரு கூம்பு. வாய் அகலம், அடி கூர். பானையில் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்தப் பானையின் வாயில் இந்தக் கூம்பைக் கூர் கீழே இருக்கிறமாதிரி இறக்கிவிடுவார்கள். பெட்டிக்கும் பானை விளிம்புக்கும் இடையில் ஆவி வெளியே ஓடாமல் ஒரு பழந்துணியைச் சுற்றி அடைப்பார்கள். ஆவிக்கு வேறு வழி இல்லை. ஓலையின் இழைகளுக்கு இடையால் ஏறி, மாவுக்குள்ளால்தான் மேலே வரவேணும். அவிந்ததும் பெட்டியைத் தூக்கி ஒரு தட்டில் கவிழ்த்தால் புட்டு கோபுரம் மாதிரி நிற்கும். அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு எங்கட வீட்டில் நான்கு பிள்ளைகளும் சண்டைபிடித்தோம். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் சண்டை பிடித்தோம்.

இழைப்பு வேலை பெண்களின் வேலை. முற்றிய ஓலை உடையும், இளம் குருத்துச் சுருங்கும். ஆதலால் இரண்டுக்கும் நடுவில் உள்ள சார்வோலையைப் பார்த்து எடுத்து, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்பார்கள். பாய், கடகம், சுளகு, தடுக்கு, உமல், மூடுபெட்டி, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கொட்டப்பெட்டி என்று எங்கட வீடு முழுக்க இந்த ஓலையால்தான் நடந்தது. வில்லியம் பேர்கசன் என்ற வெள்ளைக்காரர் 1850இல் பனையைப்பற்றிக் கொழும்பில் ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் 'தாலவிலாசம்' என்கிற தமிழ்ப் பாட்டு ஒன்றைச் சொல்லி, பனையின் உபயோகங்களை அது 801 என்று கணக்கிடுவதாக எழுதினார். புலவர்மாரின் கணக்கு எப்பவும் கொஞ்சம் தாராளம்தான். ஆனாலும் நீத்துப்பெட்டி அந்தக் கணக்கில் இடம்பிடிக்கத் தகுதியான சாமான்.

ஒரு விசேசம் பாருங்கோ. ஒடியல் மாவில் புட்டு அவித்தால் மா பனையில் இருந்து. பெட்டி பனையோலை. கீழே எரிகிறது பனை மட்டையும் ஊமலும். பானையும் தண்ணீரும் மட்டும்தான் வெளியார். சீனாக்காரன் மூங்கிலைப்பற்றிப் பெருமை பேசினாலும் மூங்கிலை அரைத்துப் புட்டு அவிக்கமாட்டான். (மூங்கில் குருத்தைத் தின்பான், அது வேறு கதை.)

சரி, சீனாக்காரனிடம் வருவோம். அவர்களின் ஆவிச் சமையல் எங்கள் எல்லோருக்கும் முந்தியது என்பதற்கு மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. செஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்கிற இடத்தை 1973இல் கிண்டத் தொடங்கினார்கள். நெல் விளைவித்து, மரக்கால்களில் வீடு கட்டி வாழ்ந்த ஒரு சனம். காலம் இன்றைக்கு ஏறத்தாழ 7000 வருசம் முன்பு. அவர்களின் மட்பாண்டங்களில் அடியில் ஓட்டை போட்ட பானையும் இருந்தது. அதை வேறொரு தண்ணீர்ப் பானைக்கு மேலே வைத்துத்தான் சோறு அவித்தார்கள். சீன மொழியில் அதற்கு 'ட்செங்' என்று பெயர். பிறகு வெண்கலக் காலம் வந்ததும் மேல்ப்பானையையும் கீழ்ப்பானையையும் சேர்த்து 'யான்' என்று ஒரு பாத்திரம் வார்த்தார்கள்.

1976இல் ஆன்யாங்கில் ஃபூ ஹாவ் என்ற அரசியின் சமாதி, கள்ளர் கை படாமல், முழுதாகக் கிடைத்தது. இவ வூ டிங் மன்னனின் மனைவிகளில் ஒருவ. இற்றைக்கு ஏறத்தாழ 3200 வருசத்துக்கு முந்தினவ. படை நடத்திப் போர் செய்தவ என்று அந்தக் காலத்து எலும்பு எழுத்துகளே சொல்லுகின்றன. அவவோடு சேர்த்துப் புதைத்த வெண்கலச் சாமான்களுக்குள் ஆயுதங்களும் இருந்தன, நீளமான அடுப்பு மாதிரி ஒன்றில் மூன்று ஆவிப்பானைகளை வரிசையாகப் பொருத்திய ஒரு பாத்திரமும் இருந்தது. ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் மூன்று கறி! போர்க்களம் போகிற பொம்பிளைக்கும் மறு உலகத்தில் சமையல் சாமான் தேவை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கட்டினவர் நினைத்திருப்பார் :-)

மண்ணும் வெண்கலமும் இருந்த இடத்துக்கு மூங்கில் வந்தது பிறகு. சொங் வம்சக் காலத்தில், அதாவது 10ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், தலைநகரான கைஃபெங்கின் தெருக்களில் ஆவியில் அவித்த பண்டங்களை விற்கிற கடைகள் நிறைந்துபோயின. அந்தக் காலத்துக் கதை ஒன்று எனக்கு நல்ல விருப்பம். ரென்சொங் என்ற பேரரசர் 1022 தொடக்கம் 1063 வரை ஆண்டார். அவரின் சொந்தப் பெயரின் ஓசையும் 'அவித்தல்' என்ற சொல்லின் ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று. அரசரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. ஆகவே 'அவித்த ரொட்டி' என்று இருந்த பண்டத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கட அப்பாச்சி புருசனின் பெயர் வருகிறது என்று முருகனையே 'அந்த மயில்காரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தவ. அவவுக்கு இந்தக் கதை விளங்கியிருக்கும்.

மூங்கில் தட்டை அவர்கள் 'ஜெங்லொங்' என்பார்கள். மூங்கிலைச் சிம்பாகச் சீவி, சூடு காட்டி வளைத்து, வளையத்துக்குள் வளையம் வைத்து முளையடித்து, அடியில் சிம்புகளைப் பரப்பி, மேலே மூடியைப் பின்னி எடுப்பார்கள். நோர்வேக்காரரிடம் இதற்குச் சொந்தக்காரச் சாமான் ஒன்று உண்டு. மெல்லிய மரப்பலகையை வளைத்து, வேரால் தைத்துச் செய்கிற வட்டப்பெட்டி, பெயர் 'தீனே'. வெண்ணெய் கொண்டுபோகிற பெட்டி அது. நாங்கள் ஒவ்வொரு நாளும் வாங்குகிற பால் பெட்டியில் இருக்கிற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பிக்டோயில் இருக்கிற நாட்டார் அரும்பொருளகத்துக்குப் போனால், பேர்ச் மரப்பட்டையைக் கீலம் கீலமாக வார்ந்து இழைத்த தோள்பெட்டிகளும் பார்க்கலாம். தூரத்தில் இருந்து பார்த்தால் எங்கட கடகத்துக்கு மட்டை வைத்துத் தைத்தமாதிரி இருக்கும். கையில் என்ன மரம் கிடைக்கிறதோ, அதில் இழைக்கிறான் மனிசன்.

ஏன் உலோகத்தை விட்டு ஓலையும் மூங்கிலும்? பிளேன் ஏறி வந்தபிறகும் ஏன் சனம் மூங்கில் தட்டைத் தேடி வாங்குகிறது? பகிடி இல்லை, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை உறைநிலையில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோயூல் சூடு போதும். அதே ஒரு கிலோவை ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோயூல் வேணும். அந்த ஆவி குளிர்ந்த மாவில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது, வாங்கின சூட்டை அப்படியே மாவுக்குக் கொடுக்கும். அதனால்தான் ஆவி அவ்வளவு கெதியாக அவிக்கும். ஆவியில் சுட்ட கை அவ்வளவு பொல்லாதமாதிரி எரிகிறதும் அதனால்தான். ஆனால் சூட்டைக் கொடுத்தபிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எவர்சில்வர் மூடி என்றால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகச் சேர்ந்து திரும்பப் புட்டுக்கு மேலேயே விழும். மேல்ப்பக்கம் களியாகிவிடும். ஓலையும் மூங்கிலும் அந்த ஈரத்தைத் தாங்களே குடித்துவிடும், மிச்ச ஆவியைப் பின்னலுக்குள்ளால் வெளியே விடும். இட்டலிக்கும் எவர்சில்வர் ஸ்டீமருக்கும் துணி போடுகிறது இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான்.

இனி வழக்குக்கு வருவோம். ஆவியில் அவிக்கிறதை நாங்கள் யாரிடம் படித்தோம்?

யுவான் சுவாங் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சீனத்துப் பிக்கு, 7ஆம் நூற்றாண்டில் இந்தியா முழுக்கச் சுற்றினவர். காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர், ஏறத்தாழ 640ஆம் ஆண்டளவில். இலங்கைக்குக் கடல் கடக்கவில்லை. அங்கே குழப்பமும் பஞ்சமும் என்று கேள்விப்பட்டு நின்றுவிட்டார். (அப்பவே!) நாடு திரும்பி 646இல் முடித்த தன் நூலில், இந்தியர்களிடம் சட்டி பானைகள் எல்லாம் உண்டு, ஆனால் சோறு அவிக்கிற ஆவிப்பாத்திரம் தெரியாது என்று எழுதி வைத்தார். உணவு வரலாறு எழுதின கே. ரி. அச்சயா இந்த வரியைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டார். 920ஆம் ஆண்டுக் கன்னட நூலான வட்டாராதனேயில் 'இட்டலிகே' என்று பெயர் வருகிறது, ஆனால் ஆவியில் அவித்ததாகக் குறிப்பு இல்லை. ஆகவே அவிக்கிற வித்தை இந்தோனேசியாவில் இருந்து, அரசர்மாரோடு வந்த சமையல்காரர் வழியாக வந்திருக்கலாம் என்பது அவரின் ஊகம். இட்டலி வழக்கை நான் தமிழ்நாட்டு, கர்நாடகத்து நண்பர்களிடமே விட்டுவிடுகிறேன். அவர்கள் ஏற்கெனவே காவிரி வழக்கில் களைத்துப்போய் இருக்கிறார்கள்.

ஆனால் புட்டுக்காக நான் ஒரு கேள்வி கேட்கவேணும். யுவான் சுவாங் தேடினது என்ன? தன் ஊரில் கண்ட ட்செங்கை. அடியில் ஓட்டை போட்ட ஒரு பானையை. அவர் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தது வடக்கே, மடங்களில். அங்கே ஒரு பானையும், பக்கத்தில் ஆணியில் தொங்குகிற ஒரு ஓலைக் கூம்பும் இருந்திருந்தால், அந்தக் கூம்பை அவர் 'ஆவிப்பாத்திரம்' என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? சாமான் சேர்க்கிற பெட்டி என்று நினைத்திருப்பார். நீத்துப்பெட்டி அடுப்பில் ஏறுகிற அரை மணித்தியாலம்தான் ஆவிப்பாத்திரம். மிச்ச நேரம் வெறும் பெட்டி.

அதைவிட முக்கியமான கரைச்சல் இது. சீனாக்காரன் களிமண்ணிலும் வெண்கலத்திலும் செய்தான், 7000 வருசத்துக்குப் பிறகும் மண்ணுக்குள் இருந்து எழும்பி வந்தது. எங்கட சனம் ஓலையில் செய்தது. பாவித்துப் பழசானால் அடுப்பில் போடுகிற சாமான் அது; மழையிலும் கறையானிலும் நாலைந்து வருசம் தாங்காது. அகழ்வாராய்ச்சிக்காரரின் தட்டில் அது எப்பவும் வராது. வராததால் இல்லை என்று எழுதுவார்கள். எங்களிடம் பானை மட்டும்தான் மிஞ்சும், அந்தப் பானை 'சோற்றுப் பானை' என்று பதியப்படும். இது சமையலுக்கு மட்டும் பொருந்துகிற விசயம் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுத்தில் இருக்கிற சாட்சி புட்டுக்கு நல்லாகவே இருக்கிறது. வைகை பெருகினபோது மதுரையில் வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டுக்காக மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி வாங்கின சிவபெருமானின் கதை எல்லோருக்கும் தெரியும். மாணிக்கவாசகரே அந்தக் கதையைத் திருவாசகத்தில் தொட்டுப் பேசுகிறார். பிட்டு அவித்து விற்றுச் சீவிக்கிற ஒரு ஏழைக் கிழவி மதுரைத் தெருவில் இருந்தால்தான் அப்படி ஒரு கதை பிறக்கும். மதுரையில் ஆவணி மூலத்துக்கு இப்பவும் அந்தத் திருவிழா நடக்கிறது.

சீனாவோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லாமலும் இல்லை. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன்கோயில் கட்டி 1281இல் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். செங் ஹே என்ற கப்பற்படைத் தலைவர் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த கல், காலியில் 1911இல் கிடைத்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சிங்களம் இல்லை என்பதை எங்கட ஆக்கள் ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லுவார்கள், நான் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். இன்னும் கிட்ட வந்தால், தீவகத்து அல்லைப்பிட்டியில் சொங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் குவியலாகக் கிடைத்தன. 1970களில் ஜோன் கார்ஸ்வெல் அதை ஆராய்ந்து எழுதினார். 2018இல் ஷாங்காய் அரும்பொருளகத்துக்காரர் வந்து அதே அல்லைப்பிட்டியில் திரும்பவும் கிண்டினார்கள். கைஃபெங் தெருவில் அவித்த ரொட்டியின் பெயரை மாற்றின அதே வம்சத்தின் கோப்பைகள், எங்கட பண்ணைக் கடலுக்கு அங்கால்பக்கம்!

ஆனால் எங்கட பாசையைக் கொஞ்சம் கவனியுங்கோ. சீனாவில் இருந்து வந்த சாமானுக்குத் தமிழன் ஒளிக்காமல் பெயர் வைத்திருக்கிறான். சீனவெடி, சீனச்சட்டி, சீனவலை, சீனத்துப் பட்டு. சர்க்கரைக்கே 'சீனி' என்று பெயர். நன்றி மறவாத சனம். நீத்துப்பெட்டிக்கோ, இடியப்பத் தட்டுக்கோ, புட்டுக்கோ, கொழுக்கட்டைக்கோ முன்னால் 'சீன' இல்லை. இதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் வெல்ல ஏலாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பிடம் இருப்பதும் ஒரு பிக்குவின் ஒரு வரிதான்.

எனக்குத் தோன்றுகிறது, கேள்வியையே பிழையான பக்கத்தில் இருந்து கேட்கிறோம் என்று. வரைபடத்தை எடுத்து, எங்கெங்கே அரிசிமாவை ஆவியில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போங்கோ. கேரளத்தில் புட்டு, முந்தி மூங்கில் குழலுக்குக் கயிறு சுற்றி, அடியில் ஓட்டைச் சிரட்டை வைத்து அவித்தார்கள். சிங்களவரிடம் 'பிட்டு', அவர்களின் பழைய குழலும் கயிறு சுற்றின மூங்கில்தான். மலேசியாவில், இந்தோனேசியாவில் 'புத்து'. யாவாவில் சின்ன மூங்கில் குழலில் அவித்து இரவில் தள்ளுவண்டியில் விற்பார்கள். வண்டியின் ஆவி ஒரு குழாயால் வெளியேறி விசில் அடிக்கும், அந்தச் சத்தம்தான் விளம்பரம். பிலிப்பைன்ஸில் 'புத்தோ', நத்தார்க் காலத்து விடியற்காலைப் பூசை முடிய, மூங்கில் குழலில் அவித்த ஊதா நிறப் புத்தோவைக் கோயில் வாசலில் விற்பார்கள். பெயர் தமிழில் இருந்து போனது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 1025இல் சோழன் படை போனது, அதற்கு முன்னும் பின்னும் செட்டிகள் போனார்கள், ஆகவே அது நடக்காத காரியம் இல்லை. வித்தை எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போனது என்றால், கப்பல் இரண்டு பக்கமும்தான் ஓடியது.

இந்த வரைபடத்தில் என்னைத் திகைக்கவைத்தது சீனாவோ யாவாவோ இல்லை. லாவோஸ். லாவோசிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் அன்றாடச் சோறு ஒட்டுகிற அரிசியில். அதை இரவு ஊறவைத்து, காலையில் ஆவியில்தான் அவிப்பார்கள். எதில் தெரியுமோ? மூங்கிலில் இழைத்த ஒரு கூம்புப் பெட்டி. வாய் அகலம், அடி கூர். கழுத்துச் சிறுத்த ஒரு பானையின் வாயில் அதைக் கூர் கீழே இறக்கி வைப்பார்கள். பெயர் 'ஹுவாட்'. ஓலைக்குப் பதில் மூங்கில் என்பதைத் தவிர, அது அச்சு நீத்துப்பெட்டி. ஒஸ்லோவில் ஒரு தாய்லாந்துக் கடையின் மேல்த்தட்டில் அது கிடந்ததைக் கண்டு, நான் கடைக்காரப் பெண்ணிடம் "இது எங்கட சாமான்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டேன். அவ சிரித்துவிட்டு, "இல்லை, எங்கட சாமான்" என்றா. இருவருக்கும் சரி. வட்டத் தட்டை வைத்துக்கொண்டு சீனாவோடு வழக்காடின எங்களுக்கு, கிட்டத்துச் சொந்தக்காரன் மேக்கொங் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறான்.

கோதுமை விசயத்திலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. வட சீனாவில் கோதுமையை மாவாக அரைக்கும் பழக்கம் ஹான் காலத்தில் பரவினபோது, மேற்கே இருந்த சனம் மாதிரி அவர்கள் போறணை கட்டி ரொட்டி சுடவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த ஆவிப்பானையில் வைத்து அவித்தார்கள். வந்த தானியம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பணிந்தது. எங்களுக்கும் அதே. 1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு அரிசி வருகிறது நின்றுபோய், கூப்பனுக்குக் கோதுமை மா கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதை என்ன செய்தார்கள்? வெறும் மாவையே துணியில் கட்டி ஆவியில் அவித்து, ஆறவிட்டு, அரித்து எடுத்தார்கள். அவித்தால் மாவின் பசை செத்துவிடும். பிறகு குழைத்துச் சுண்டால் கொத்தினால் உதிரி உதிரியாக நிற்கும், அரிசிமா மாதிரி. இதை எந்த ஆராய்ச்சிச்சாலையும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. அந்த மாவும் பிறகு எங்கேயிருந்து வந்தது என்று பாருங்கோ: 1980களில் இருந்து திருகோணமலைப் பிறிமா ஆலையில் இருந்து. ஆலை சிங்கப்பூர்ச் சீனருடையது. ஆலை இருக்கிற இடத்தின் பெயர் சீனக்குடா!

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபிறகு மண்ணெண்ணெய் குதிரைக் கொம்பாகிவிட்டது. நான் அப்ப இங்கே இருந்தேன். அம்மா கடிதத்தில் எழுதுவா. குக்கர், ஓவன் எல்லாம் பரணில் ஏறிவிட்டது, திரும்பவும் மட்டையும் ஊமலும்தான், உன்ர அப்பாச்சியின் காலத்துக்கு வந்திட்டம், புட்டு மட்டும் நல்லா வருகுது என்று ஒருமுறை எழுதியிருந்தா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா சைக்கிள் கரியரில் ஒரு பானையும் அதன் வாயில் நீத்துப்பெட்டியும் கட்டிக்கொண்டு போயிருக்கிறா. பெட்டிக்குள் காணி உறுதி. மழை பெய்தது. உறுதி நனையவில்லையாம். ஓலைப்பெட்டி அதுக்கும் உதவும் என்பதைப் பேர்கசனின் கணக்கில் 802ஆவதாகச் சேர்க்கலாம். அந்த வருசங்களில் பனைகளும் பட்ட பாடு கொஞ்சமில்லை. செல்லில் தலை இழந்து நின்றவை ஒரு பக்கம், இரண்டு தரப்பின் காவலரண்களுக்கும் குற்றியாகப் போனவை மறுபக்கம்.

2020 நவம்பரில் நடந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவீரர் நாள் நினைவேந்தல் வழக்கில், யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில், ஒரு பொலிஸ் அதிகாரி, முந்திப் புட்டும் வடையும் சாப்பிட்ட தமிழர் இப்ப பீட்சா சாப்பிடுகிறார்கள் என்று சொன்னார். ஏதோ தாங்கள் கைதூக்கிவிட்ட கணக்கு. அடுத்த நாள்களில் உலகம் முழுக்க எங்கட சனம் புட்டுப் படம் போட்டுத் தள்ளியது. நானும் போட்டேன். எனக்குக் கோபம் வந்ததைவிட ஆச்சரியம்தான் கூட. பீட்சா என்றால் மாவைக் குழைத்து நெருப்பில் வைக்கிறது, அவ்வளவுதான். மாவை உதிர்த்து, பெட்டிக்குள் இட்டு, நெருப்பைத் தொடவிடாமல், தண்ணீரையும் தொடவிடாமல், நடுவில் நிற்கவைத்து அவிக்கிறது எத்தனை தலைமுறை மூளை! அதைப் பட்டிக்காட்டுச் சாப்பாடு என்று நினைக்கிறவருக்கு சீன அரசியின் சமாதியைக் காட்டவேணும்.

இப்ப ஊரில் நீத்துப்பெட்டி அருகிப்போய்விட்டது. 1978இல் தொடங்கின பனை அபிவிருத்திச் சபை இழைப்பு வேலையை ஒருமாதிரித் தாங்கிக்கொண்டு வருகிறது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருந்து போகிறவர்கள் வாங்குவது சாயம் போட்ட கைப்பைகளும் தொப்பிகளும். இடியப்பத் தட்டுக்குப் பிளாஸ்ரிக் வந்துவிட்டது. கொதிக்கிற ஆவியில் பிளாஸ்ரிக்கை வைத்துச் சாப்பிடுகிறதை நினைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. இழைக்கத் தெரிந்த ஆச்சிமாருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருவவை இருத்தி, அளவும் மடிப்பும் தெரியிறமாதிரி முழுக்கப் படம் பிடித்து வைத்தால் நல்லது. ஊருக்குப் போகிற ஆராவது இந்த விடுமுறைக்குள் செய்யுங்கோ. கோயில் திருவிழா வீடியோ போதியளவு இருக்கிறது.

அதுவரைக்கும் இங்கே இருக்கிறவர்களுக்கு: சீனத்து வட்டத் தட்டில் புட்டு அவிக்கலாம், ஆனால் மாவைத் தடிப்பாகப் போட்டு அமத்தக்கூடாது, ஆவி நடுவில் ஏறாது. கைவிரலால் நாலைந்து இடத்தில் குழி விடுங்கோ. இடியப்பத்துக்கு அது திறம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டு அடுக்கலாம், நடுவில் ஒருக்கா மேல்த்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றிவிட்டால் போதும். தாய்லாந்துக் கூம்பு வாங்கினால் அதன் பின்னல் எங்கட பெட்டியைவிட ஐதானது, சோற்றுக்கு என்று செய்தது. கூரில் ஒரு துண்டுத் துணி வைக்காவிட்டால் மா தண்ணீருக்குள் கொட்டும். புதுசாக வாங்கினதை முதலில் வெறுமையாகப் பத்து நிமிசம் ஆவியில் வைத்து எடுங்கோ, மூங்கிலின் பச்சை மணம் போய்விடும். சவுக்காரம் போட்டுக் கழுவவேண்டாம். இங்கத்தைய மாரியில் ஹீற்றருக்குக் கிட்ட மட்டும் தொங்கவிடவேண்டாம், காய்ந்து வெடிக்கும். நான் எங்கடதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். மனிசிக்கு அதில் விருப்பம் இல்லை.